நர்ஸ் அக்கா எழுதும் அந்த ஒரு என்ட்ரி

போன வருஷம் எங்க மதினி மாசமா இருந்தப்போ, தச்சநல்லூர்ல எங்க தெருவுக்கு வர்ற நகர்ப்புற சுகாதார செவிலியர் அக்கா வீட்டுக்கு வந்து பதிவு போட்டாங்க. ஆதார் வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்து பிக்மி தளத்துல ஏத்தினாங்க, ஒரு ஆர்.சி.எச். நம்பர் வந்துச்சு. தமிழ்நாட்டுல குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கவே அந்த நம்பர் வேணும். அதனால கர்ப்பிணிகள் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. நான் சும்மா கேட்டேன், "அக்கா, அந்தத் தேதிப்படி வயசு 17-னு வந்தா?"

அவங்க பேனாவை மூடிட்டுச் சொன்னாங்க: "போலீசுக்குச் சொல்லணும் தம்பி. சொல்லிட்டு அடுத்த வாரம் இதே தெருவுலதான நான் நடக்கணும்."

அதுக்கப்புறம்தான் போக்சோ சட்டத்தை உட்கார்ந்து படிச்சேன். 2012-ல் வந்த சட்டம். 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், அதைச் சொல்ல வேண்டிய கடமை எல்லோருக்கும் உண்டு என்கிறது பிரிவு 19. சொல்லாவிட்டால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பேப்பர்ல பார்க்க டிசைன் சரியாத்தான் இருக்கு.

இந்தக் கடமை ஏன் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மகாராஷ்டிராவில் ஒரு விடுதிப் பள்ளியில் பழங்குடிச் சிறுமிகள் மீது நடந்த கொடுமை தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் மேல் வழக்கு. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தூக்கி எறிந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சிதான் என்றது. டாக்டர் வாயை மூடினால் அந்தப் பிள்ளைகளுக்கு வேற யாரு இருக்கா?

ஆனா அதே சென்சார்ல இன்னொரு விதமான சிக்னலும் வருது. 17 வயசுப் பொண்ணு, 19 வயசுப் பையன், காதலிச்சு ஓடிப் போனவங்க. இல்லைன்னா வீட்டுலயே கல்யாணம் பண்ணி வச்சவங்க. மனைவியே ஆனாலும் 18-க்குக் கீழ்னா குற்றம்தான்னு 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. செவிலியருக்கு இதையெல்லாம் பிரிச்சுப் பார்க்கிற அதிகாரம் கிடையாது. இன்புட் எதுவானாலும் அவுட்புட் ஒண்ணுதான்: போலீஸ். நம்ம கண்ட்ரோல் சிஸ்டம் லேபில் இப்படி ஒரு சர்க்யூட் போட்டுக் காட்டினா சார் திருப்பிக் கொடுத்துடுவார்.

இதோட விளைவு என்ன? "அங்க போனா கேஸ் ஆயிடும்"னு தெருவுல பேச்சு பரவினா, அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கே வராது. மெடிக்கல் ஷாப் மாத்திரையோ, தகுதியில்லாத ஆளோதான். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இந்தப் பயத்தைப் பேசுது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்கு அனுப்பும் தகவலில் டாக்டர் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டாம் என்றது. நல்ல வழிதான். ஆனா குழந்தையைப் பெத்துக்கப் போற பொண்ணுக்கு இந்த வழி உதவாது. ஆதாரோட பதிவான பேரை எங்க ஒளிக்கிறது?

பெரியவங்க விஷயத்துல கதை தலைகீழ். கண்ணு வீங்கி வர்ற அக்கா "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்"னு சொல்வாங்க. ஏ.ஆர். நோட்டுல அதையே எழுதிட்டா வேலை முடிஞ்சுது. தேசிய குடும்ப நல ஆய்வு 5-ன்படி, உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த இந்தியப் பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்காங்க. அப்போ இவங்களுக்கும் கட்டாய ரிப்போர்ட் கொண்டு வரலாமா? பிரேசில் அதைச் செய்தது. 2003-ல் சுகாதாரத் துறைக்குள் பதிவு மட்டும் கட்டாயம். 2019-ல் 24 மணி நேரத்தில் போலீசுக்கும் சொல்லணும்னு மாத்தினாங்க. உலக சுகாதார நிறுவனமோ, துணைவர் செய்யும் வன்முறையைப் போலீசுக்குக் கட்டாயமா ரிப்போர்ட் பண்ண வேண்டாம், அவள் விரும்பினால் உதவுங்க என்று 2013-லேயே சொல்லியிருக்கு. எனக்கு இரண்டாவதுதான் சரின்னு படுது. அன்னைக்கு ராத்திரி அதே வீட்டுக்குத் திரும்பிப் போறவ அவதானே.

நம்ம குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் நடுவுல ஒரு வழி இருக்கு. 2006 விதிகளின்படி, சிகிச்சைக்கு வரும் பெண்ணுக்கு அறிக்கை எதுவும் இன்னும் போடப்படலைன்னா, மருத்துவமனைப் பொறுப்பாளர் படிவம் 1-ஐ நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பணும். நேரா போலீசுக்குப் போகாத ஒரு அவுட்புட்! அக்காகிட்ட இதைச் சொன்னேன். "அப்படி ஒரு ஃபாரம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, 181, 1098 ரெண்டு நம்பரையும் மதினியோட கார்டு பின்னால எழுதிக் கொடுத்தாங்க. "இது எல்லார் கார்டுலயும் எழுதுவேன் தம்பி, அப்பதான் யாருக்காக எழுதுனேன்னு தெரியாது."