நடக்கத் தொடங்கிய குடியிருப்பு

நம் பேகம்பேட்டில்தான் 1897ஆம் ஆண்டு ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் கண்டறிந்தார். நீரிழிவைப் பரப்பும் கொசு ஏதும் இல்லை. உடலுழைப்புக் குறைவதும் உணவு மிகுவதும் அதற்கு வழி திறக்கின்றன. பின்னர் அது இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றைத் தாக்குகிறது.

பிழைப்புக்காக நகரம் புகுந்தோர்க்கு இவ்விடர் மிகுதி. ஹைதராபாத் உள்ளிட்ட நான்கு நகரங்களின் தொழிலாளர்களை, சிற்றூரில் வாழும் அவர்தம் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்ட ஆய்வொன்று இதனைக் காட்டியது. ஒரே குடும்பம், ஆயினும் நகரம் வந்தவரிடமே நீரிழிவு கூடுதலாக இருந்தது.

சென்னைத் திருமங்கலத்தின் குடியிருப்பு ஒன்றில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1990களில் ஆய்வு நடத்தினர். வாரம் மூன்று முறைக்குமேல் உடற்பயிற்சி செய்தோர் அங்கு நூற்றுக்கு 14 பேரே. குழுவினர் நோயின் இயல்பை எடுத்துரைத்தனர். குடியிருப்போர் தம் பொருளைத் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். ஏழாண்டுகளுக்குப் பின் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 59 ஆயிற்று. அறிவுரை மட்டும் இத்தனை பேரை நடக்க வைத்திருக்குமா என்பது ஐயமே. அண்டை வீட்டார் நடப்பதைக் கண்டு நடந்தோரும் இருந்திருப்பர்.

வினாக்கள்:
1. உடன்பிறந்தாரை ஒப்பிட்டது ஏன்?
2. உங்கள் தெருவில் பெரியோர் நடப்பதற்கு இடம் உண்டா? ஐந்து வரிகளில் எழுதுக.