ஊருக்குச் சொந்தமான பந்தாட்டக் குழு

வணிகவியல் மாணவன் முதலாண்டிலேயே நெட்டுருப் போடும் பாடம் ஒன்று உண்டு. ஒரு கம்பெனியின் பங்கை வாங்கியவனுக்கு மூன்று உரிமைகள்: இலாபம் வந்தால் அதில் ஈவுத்தொகை, வேண்டாதபோது பங்கை வந்த விலைக்கு விற்றுக்கொள்ளும் வசதி, பொதுக் கூட்டத்தில் வாக்கு. நானும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். பிறகு ஒரு நாள், முதல் இரண்டு உரிமைகளும் அடியோடு இல்லாத பங்குகளை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பணம் கொடுத்து வாங்கி, பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். அச்சுப் பிழையாக இருக்கும் என்றே எண்ணினேன். பிழை அன்று. அந்தக் கம்பெனி ஒரு பந்தாட்டக் குழு. பெயர் கிரீன் பே பாக்கர்ஸ். அதன் வரலாற்றைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லுவது நாம் மாலை வேளையில் விடுதி மைதானத்தில் ஆடும் கால்பந்து அன்று. பந்து இரு முனையும் கூர்த்த நீள்வட்ட வடிவினது. காலால் உதைப்பது குறைவு, கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே மிகுதி. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கம் நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடிந்தால் மேலும் நான்கு முயற்சி, முடியாவிட்டால் பந்து எதிரிக்கு. நம் கதைக்கு இவ்வளவு போதும்.

கிரீன் பே என்பது விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் ஒரு கிளை உள்ளே நுழையும் இடத்தில் உள்ள ஊர். காகித ஆலைகளும் இறைச்சிக் கிடங்குகளும் நிறைந்த உழைப்பாளிகளின் ஊர். 1920-இல் அங்கே சுமார் 31,000 பேர் வாழ்ந்தனர். நூறாண்டு கழித்து 2020 கணக்கெடுப்பிலும் ஒரு லட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. நியூயார்க்கும் சிகாகோவும் இடம் பெற்ற ஒரு பந்தயத்தில் இவ்வூருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பார்கள்.

கர்லி லாம்போ என்ற இளைஞர் 1918-இல் நோட்டர்டேம் பல்கலைக் கழகத்துக்காகப் பந்தாடினார். தொண்டை நோய் வந்து ஊர் திரும்பியவர் மீண்டும் படிக்கப் போகவில்லை. உள்ளூர் இறைச்சிக் கம்பெனி ஒன்றில் மாதம் 250 டாலர் சம்பளத்தில் சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாக அமர்ந்தார். அந்தக் கம்பெனியின் பெயர் இந்தியன் பாக்கிங் கம்பெனி. பெயரைக் கண்டதும் நம்மவர் யாரோ அங்கே கடை விரித்திருக்கிறார் என்று நான் மகிழ்ந்தது உண்மை. ஆனால் அந்த 'இந்தியன்' அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்தது. இறைச்சியைப் பதப்படுத்தித் தகர டப்பாவில் அடைப்பது அங்கே தொழில். அடைப்பவர் 'பாக்கர்'.

1919 ஆகஸ்டு 11 அன்று லாம்போவும், ஜார்ஜ் கால்ஹூன் என்ற பத்திரிகையாளரும் உள்ளூர்ப் பத்திரிகையான பிரஸ் கெஸட் அலுவலகத்தில் சில இளைஞர்களைக் கூட்டிக் குழுவை அமைத்தனர். சட்டை வாங்கப் பணம் வேண்டுமே! லாம்போ தம் முதலாளியைக் கேட்டார். அவர் 500 டாலர் தந்து, கம்பெனியின் பெயரைக் குழுவுக்கு இடவேண்டும் என்றார். அந்தக் கம்பெனி இரண்டொரு ஆண்டில் வேறொருவர் கைக்கு மாறி, பின்னர் மறைந்தும் போயிற்று. டப்பா இறைச்சியை யாரும் நினைப்பதில்லை; பெயர் மட்டும் நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

முதல் ஆண்டு பதினோர் ஆட்டத்தில் பத்து வெற்றி. மைதானத்துக்கு வேலி கிடையாது. நுழைவுச் சீட்டும் கிடையாது. ஆட்டத்தின் நடுவே தொப்பியை நீட்டிக் காசு திரட்டினார்கள். ஆண்டு முடிவில் பங்கிட்டபோது ஆளுக்கு 16 டாலர் 75 சென்ட் கிடைத்தது.

1920-இல் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் தொழில்முறைக் குழுக்களுக்கென ஒரு லீக் தோன்றியது. 1922-இல் தேசியக் கால்பந்து லீக் என்று பெயர் மாற்றம் பெற்று இன்றும் நடந்து வருவது அதுவே. 1921-இல் பாக்கர்ஸ் அதில் சேர்ந்தது. சேர்ந்த ஆண்டே ஒரு திருட்டுத்தனம்: கல்லூரி மாணவர்களைப் பொய்ப்பெயரில் ஆட வைத்துப் பிடிபட்டனர், இடம் பறிபோயிற்று. மறு ஆண்டு லாம்போ மன்றாடி அதை மீட்டார். பிற்காலத்துப் புகழ் மாலைகளில் இந்தப் பகுதியை விரைந்து கடந்து விடுகிறார்கள். நான் கடக்க விரும்பவில்லை. குழுவைப் பிறப்பித்தவர்கள் முனிவர்கள் அல்லர்.

1922-இல்தான் கதை திரும்புகிறது. அந்த ஆண்டு ஓயாத மழை; மழை வந்தால் மக்கள் வருவதில்லை. ஆகவே ஓர் ஆட்டத்துக்கு மழை இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்தனர். மழையும் கொட்டியது. ஆனால் அளவெடுத்துப் பார்த்தபோது, ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்கு ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தது! கம்பெனி காசு தரவில்லை. பிறகு நவம்பரில், அமெரிக்கர் நன்றி நவிலும் விடுமுறை நாளில், டுலூத் நகரக் குழுவுடன் ஆட்டம், அன்றும் மழை. ஆட்டத்தை நிறுத்தி விடலாமா என்று லாம்போவும் கால்ஹூனும் கலங்கி நிற்க, பிரஸ் கெஸட்டின் நிர்வாகி ஆண்ட்ரூ டர்ன்புல் ஆடச் சொன்னார். ஊராருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் பணத்துக்குத் தாம் வழி தேடுவதாக ஏற்றுக்கொண்டார்.

அவர் தேடிய வழிதான் 1923-இல் பிறந்த கிரீன் பே கால்பந்துக் கழகம். 1,000 பங்குகள், பங்கு 5 டாலர், ஆக முதல் 5,000 டாலர். இலாப நோக்கம் இல்லை; ஈவுத்தொகை எவருக்கும் எக்காலத்திலும் கிடையாது. இத்துடன் இன்னொரு விதியையும் சேர்த்தனர்: குழுவை என்றேனும் விற்க நேர்ந்தால், கடன் போக எஞ்சும் தொகை முழுவதும் ஊரிலுள்ள முன்னாள் படைவீரர் சங்கக் கிளைக்குச் சேரும், அதைக்கொண்டு போர்வீரர் நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும். பங்குதாரர் கைக்கு ஒரு சென்ட் வராது. வேண்டுமென்றே ஆசையின் வேரை அறுத்த விதி இது. விற்பதால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காதபோது விற்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொல்பவன் யார்?

அப்போதைய போட்டியாளர்களைப் பாருங்கள். டெகேட்டர் நகரத்து மாவுச்சத்து ஆலையின் குழு 1921-இலேயே சிகாகோவுக்குப் போய், பின்னர் பேர்ஸ் என்று பேர் எடுத்தது. போர்ட்ஸ்மத் குழுவை 1934-இல் டெட்ராய்ட் வாங்கிக்கொண்டது. கான்டன், ராக் ஐலண்ட், டுலூத் ஆகிய ஊர்களின் பெயர்களைப் பழைய அட்டவணைகளில் மட்டுமே காணலாம். சிற்றூர்களில் தங்கியது கிரீன் பே ஒன்றே.

தங்கியது எளிதில் என்று எண்ண வேண்டா. 1929, 1930, 1931 மூன்று ஆண்டும் தொடர்ந்து சாம்பியன் பட்டம் பெற்ற குழு, அந்த 1931-இலேயே இடறி விழுந்தது. விழுந்தவர் உண்மையில் ஒரு பார்வையாளர். இருக்கை வரிசையிலிருந்து கீழே விழுந்து வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ 5,000 டாலர் தீர்ப்பாயிற்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ அதற்குள் திவால். குழு நீதிமன்ற நிர்வாகத்துக்குள் போயிற்று. ஐந்து பிரமுகர்கள் மீண்டும் ஊரைச் சுற்றினர். எந்நேரமும் கை நீட்டிக்கொண்டே இருந்ததால் அவர்களுக்குப் 'பசித்த ஐவர்' என்று பெயர். 1935-இல் புதுப் பங்குகள் விற்று 15,000 டாலர் திரட்டினார்கள்.

எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் மனம் தைத்த பகுதி 1949. குழுவைத் தோற்றுவித்து முப்பதாண்டு வழிநடத்தி ஆறு பட்டங்கள் வாங்கித் தந்த லாம்போவே அப்போது எதிர்ப்பக்கம் நின்றார். கஜானா காலி, முதல் போட நான்கு செல்வர்கள் ஆயத்தம், ஆனால் இலாப நோக்கற்ற அமைப்பைக் கலைத்துத் தனியார் கம்பெனி ஆக்க வேண்டும் என்றார். அவர் வாதம் மூடத்தனமானது என்று என்னால் சொல்ல முடியாது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஊர் ஒப்பவில்லை. அதே நவம்பரின் விடுமுறை நாளில் குழுவினர் தம்மையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு நிதி ஆட்டம் ஆடினர். 40,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 1950 தொடக்கத்தில் லாம்போ விலகிச் சிகாகோ கார்டினல்ஸ் குழுவுக்குப் பயிற்சியாளராகப் போனார். அவர் போன பின் 25 டாலர் பங்குகள் விற்று 1,18,000 டாலர் அளவுக்குத் திரட்டப்பட்டது. எவரும் 200 பங்குக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற வரம்பும் அப்போது வந்தது. ஒரு செல்வர் ஊரையே விலைக்கு வாங்கிவிடக் கூடாதல்லவா?

அடுத்த ஆபத்து மைதானம். பழைய மைதானம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய சிறு இடம். புதியது கட்டாவிட்டால் பெரிய குழுக்கள் ஊருக்கு வர மறுக்கும் நிலை. 1956 ஏப்ரலில் நகரத்தார் வாக்களித்துக் கடன் பத்திரத்துக்கு இசைந்தனர். வேண்டும் என்றோர் வேண்டாம் என்றோரைவிட இரு மடங்குக்கு மேல். வாக்கெடுப்புக்கு முன் கிரீன் பேக்கு வந்து ஆதரித்துப் பேசியவர்களுள் ஒருவர் சிகாகோ பேர்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாலஸ். பாக்கர்ஸின் பரம வைரி அவர்! 1957 செப்டம்பரில் மைதானம் திறந்த அன்று அவர் குழுவையே 21-17 என்று தோற்கடித்து நன்றி செலுத்தினார்கள். 1965-இல் லாம்போ இறந்தபின் அம்மைதானத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. பிணக்கை ஊர் மறந்துவிட்டது போலும்.

1958-இல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒரே வெற்றி. மறு ஆண்டு வின்ஸ் லாம்பார்டி பயிற்சியாளராக வந்தார். 1961, 1962, 1965, 1966, 1967 என ஐந்து பட்டங்கள். இவற்றுள் 1967 டிசம்பர் 31 ஆட்டத்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் குழு வந்திருந்தது. குளிர் சுழியத்துக்குக் கீழ் 25 செல்சியஸ். மண்ணுக்கடியில் மின்கம்பி பதித்துத் தரையைச் சூடாக்கும் ஏற்பாடு அன்று பார்த்துக் கைவிட்டது. நடுவர்களின் ஊதல்கள் உறைந்தன. 13 விநாடி எஞ்சியிருக்கையில் பார்ட் ஸ்டார் என்ற வீரர் பந்துடன் தாமே பாய்ந்து வெற்றிப் புள்ளி எடுத்தார்: மீண்டும் அதே 21-17. பிறகு 1996, 2010 பருவங்களிலும் வென்று மொத்தம் 13 பட்டம். அவ்வளவு பட்டம் வேறு குழுவுக்கு இல்லை.

நிற்க. இதை எங்கள் விடுதி அறையில் நான் விரித்துரைத்தபோது பொருளியல் படிக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். "ஊர் கூடித் தேர் இழுத்த கதை என்று முடித்து விடாதீர், ஐயா. 5 டாலர் பங்கு விற்றுப் பெருநகரோடு எத்தனை நாள் மல்லுக் கட்டுவது?" என்றார். அவர் கேட்டது சரி. விடை 1961-இல் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு குழுவும் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியே விற்றது. நியூயார்க்குக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பகுதியே கிரீன் பேக்கு. லீக்கின் தலைவர் பீட் ரோசெல் எல்லா உரிமையையும் ஒன்றாக விற்றுச் சமமாகப் பங்கிடும் திட்டத்தை முன்வைத்தார். பெருநகரக் குழுக்களும் இசைந்தன. ஏகபோகத் தடைச் சட்டம் குறுக்கே நின்றது. அமெரிக்கப் பாராளுமன்றம் விலக்கு அளித்துச் சட்டம் செய்ய, கென்னடி 1961 செப்டம்பரில் கையொப்பமிட்டார். அடுத்து வந்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 46,50,000 டாலர். 14 குழுக்களுக்கும் சமபங்கு. 2024 மார்ச்சில் முடிந்த கணக்காண்டில் இப்படி வந்த பங்கு பாக்கர்ஸுக்கு மட்டும் 40 கோடி டாலருக்கு மேல். தனியார் குழுக்கள் தம் கணக்கை வெளியிடுவதில்லை; பங்குதாரருக்குக் கணக்குக் காட்டும் இவ்வொரு குழுவின் ஏட்டைப் பார்த்தே மற்றவற்றின் வரும்படியை உலகம் ஊகிக்கிறது!

ஆகவே என் கருத்து இது. பங்கு முறை குழுவை ஊரை விட்டுப் போகாமல் கட்டி வைத்தது. பட்டினியால் சாகாமல் காத்தது சமபங்கீடு. முன்னது கிரீன் பேயின் தன்முயற்சி. பின்னது மற்ற ஊர்களின் தயவும் தன்னலக் கணக்கும் கலந்தது. நண்பர் இதற்கும் முழுதாக ஒப்பவில்லை.

இந்த முறையை மற்ற ஊர்கள் இனிப் பின்பற்ற இடமில்லை. பொதுமக்கள் உடைமையாக ஒரு குழு இருக்கலாகாது என்று லீக் பின்னர் விதி செய்துகொண்டது. பழைய குழு என்பதால் பாக்கர்ஸுக்கு மட்டும் விலக்கு. அதன் பங்குகள் 1997-இல் 200 டாலருக்கும், 2011-இல் 250 டாலருக்கும், 2021-இல் 300 டாலருக்கும் விற்பனைக்கு வந்தன. வந்த பணம் மைதானத்துக்கே போயிற்று. பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. பிள்ளைக்கோ பேரனுக்கோ எழுதி வைக்கலாம். பங்கு இருந்தாலும் ஆட்டம் பார்க்கச் சீட்டு நிச்சயம் இல்லை. பருவச் சீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். குழந்தை பிறந்தவுடன் பெயரைப் பதிவு செய்கிறவர்களும் உண்டு.

1923-இல் எழுதிய அந்த விற்பனை விதி 1997-இல் திருத்தப்பட்டது. குழுவின் மதிப்பு எங்கோ போய்விட்டதால், ஒரு நினைவுச் சின்னத்துக்கு அத்தனை பணமா என்று தோன்றியிருக்கலாம். இப்போது விற்றால் பணம் குழுவின் அறநிதியத்துக்குப் போகும். பங்குதாரருக்கு என்ன கிடைக்கும் என்ற பகுதி மட்டும் திருத்தப்படவில்லை. கோடைதோறும் அவர்கள் குடும்பத்துடன் மைதானத்துக்கு வந்து, வெயிலில் படிக்கட்டு இருக்கைகளில் அமர்ந்து, தலைவர் வாசிக்கும் வரவு செலவைக் கேட்டு, நிர்வாகிகளுக்கு வாக்களித்து விட்டு வீடு திரும்புகிறார்கள்.