பத்தாண்டு விசா வந்துவிட்டால் பத்தாண்டும் தங்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரே மகள் டெக்சாஸில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை வாங்கினாள். மருமகன் அந்நாட்டுக்காரர். திருமணமாகி நான்கு ஆண்டுகள், ஒரு பேரன். எனக்கும் மனைவிக்கும் அமெரிக்கா செல்ல 10 ஆண்டு மல்டிபிள் என்ட்ரி விசா கிடைத்திருக்கிறது. “பத்து வருஷமும் மகள் வீட்டிலேயே இருந்துக்கலாம்” என்கிறார் டிராவல்ஸ்காரர். சரியா? பொங்கலுக்கு அவர்கள் மூவரும் வருகிறார்கள். மகளின் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது; அதிலேயே வரலாமா? கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள மூன்று ஏக்கர் மரவள்ளி நிலத்தை, வந்த கையோடு அவள் பெயருக்கு எழுதிவிட எண்ணுகிறேன்.

பதில்: ஐயா, முதலில் பாஸ்போர்ட். மகள் அந்தப் பாஸ்போர்ட்டில் வரவே கூடாது. குடியுரிமைச் சட்டம், 1955-இன் 9-ஆம் பிரிவின்படி, ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் தேதி அதன் பிறகு எதற்கும் உதவாது. அதைத் தூதரகத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள். ‘இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்’ எனப்படும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.

டிராவல்ஸ்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். இப்படி நம்பிப் போன பெரியவர்கள் பலர் படும் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். விசாவில் உள்ள 10 ஆண்டு, நீங்கள் அந்நாட்டு விமான நிலையத்தில் இறங்கி அனுமதி கேட்பதற்கான காலம். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே உள்ள குடிநுழைவு அதிகாரி ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். இறங்கிய அன்றே மகளை இணையத்தில் அதை எடுத்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கூடுதலாகத் தங்க வேண்டியிருந்தால், தேதி முடிவதற்குள் ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் கையில் உள்ள விசா செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டித் தங்கிவிட்டுப் புறப்பட்டால் 3 ஆண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 10 ஆண்டும் மறுபடி நுழையத் தடை. சம்பளத்துக்கு எந்த வேலையும் இந்த விசாவில் பார்க்கக் கூடாது. நிரந்தரமாக மகளோடு இருப்பதுதான் எண்ணம் என்றால் அதற்கு வழி வேறு: 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகள் தன் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்டு மனுச் செய்யலாம். இன்னொன்று: இடையில் உங்கள் பாஸ்போர்ட் காலாவதியானாலும் விசா உயிரோடுதான் இருக்கும். பழையதைத் தூக்கி எறியாமல் இரண்டையும் கையில் கொண்டு போங்கள்.

இந்தப் பத்தாண்டு எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய மொய் நோட்டுக் கணக்குதான். அமெரிக்கக் குடிமக்களுக்கு ஒரு நாடு எவ்வளவு கால விசா தருகிறதோ, கூடுமானவரை அதே அளவு அந்நாட்டாருக்கும் தர வேண்டும் என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 221(சி) பிரிவு சொல்கிறது. 2014 செப்டம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பேசிய பிரதமர் மோடி, அமெரிக்கர்களுக்கு நீண்டகால விசா தருவதாக அறிவித்தார். இதே கணக்கில், அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் பேசி, ஒருவருக்கொருவர் 10 ஆண்டு என்று முடிவு செய்துகொண்டன.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஆண்டுக் கணக்கு சமம்தான், அலைச்சல் சமமில்லை. ஓர் அமெரிக்கர் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் விண்ணப்பித்து நமது இ-விசாவை வாங்கிவிடலாம். நீங்களோ 185 டாலர் கட்டிவிட்டு, கைரேகை வைக்க ஒரு முறை, நேர்காணலுக்கு ஒரு முறை சென்னைக்குப் போயிருப்பீர்கள். சொந்த ஊருக்குத் திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பும் உங்களுடையதே; நம்பாவிட்டால் அதே சட்டத்தின் 214(பி) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார், பணமும் திரும்பாது. பரஸ்பரம் என்று பேசும் இரண்டு அரசுகளும் இந்த வேறுபாட்டையும் பேசித் தீர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரசுகள் கொடுத்ததை அரசுகளே நிறுத்தவும் செய்யும். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் இந்தியா முடக்கிய சுற்றுலா விசாக்கள் 2022 மார்ச்சில்தான் மீண்டும் உயிர்பெற்றன. 2023 செப்டம்பர் 21 அன்று, கனடாவோடு ஏற்பட்ட மோதலில் கனடா நாட்டவருக்கு விசா வழங்குவதை இந்தியா நிறுத்தியது. இ-விசா திரும்ப நவம்பர் 22 ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் ஓசிஐ அட்டை வைத்திருந்தவர்கள் தடையில்லாமல் வந்து போனார்கள். கொரோனாவின்போது அவர்களையும்தான் நிறுத்தினார்கள் என்றாலும், சாதாரண விசாவைவிட ஓசிஐ உறுதியானது.

எனவே உங்கள் மகளுக்கும் பேரனுக்கும் ஓசிஐ எடுக்கச் சொல்லுங்கள்; குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி இருவருக்கும் தகுதி உண்டு. அது ஆயுள் முழுக்க எத்தனை முறையும் வந்து போகும் உரிமை. மருமகனுக்கும் கிடைக்கும்: திருமணம் பதிவாகி, இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்திருந்தால் போதும். ஆனால் மணமுறிவு ஏற்பட்டால் அவருடைய அட்டை போய்விடும். பொங்கலுக்குள் அட்டை வராவிட்டால் ஐந்தாண்டு இ-டூரிஸ்ட் விசாவில் வரட்டும். அதில் அமெரிக்கக் குடிமக்கள் ஒரே மூச்சில் 180 நாள் வரை தங்கலாம். தாண்டினால், 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் பாயும்.

விசாவில் வந்து உங்கள் வீட்டில் தங்கினால், பெற்ற மகளே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை இணையத்தில் நீங்கள் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்வராயன் மலைக்குப் போய் வெள்ளிமலையில் லாட்ஜில் தங்கினால் அவர்கள் அதைச் செய்வார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் அந்த வீட்டுக்காரர் செய்ய வேண்டும்.

கடைசியாக நிலம். பொங்கலுக்கு வரும்போது செட்டில்மென்ட் எழுதிவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, ஓசிஐ உள்ளவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக அது செல்லும் என்று ஆகிவிடாது. ஆனால் வாரிசுரிமையில் வருவதற்குத் தடையில்லை. ஆகவே நிலத்தை உயில் எழுதி வையுங்கள். பின்னாளில் அவர் அதை விற்க நேர்ந்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஊரில் உள்ள வீட்டுக்கு இந்தத் தடை கிடையாது. ஓசிஐ வந்த பிறகு அதை நீங்கள் தாராளமாக செட்டில்மென்ட் செய்யலாம். பத்திரம் எழுதும்போது நிலத்தையும் வீட்டையும் ஒரே ஆவணத்தில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.