பாலைக் கண்டாலே ஓடும் பிள்ளையா?

“டாக்டர், இவன் பால் டம்ளரைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிஞ்சுக்கறான்!” ஒன்றரை வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. கூடவே வரும் பாட்டி, “எங்க காலத்துல பிள்ளைங்க ஆழாக்குப் பாலை ஒரே மடக்குல குடிக்கும்” என்பார். அந்த அம்மாவின் முகம் வாடிவிடும். ஏதோ தன் வளர்ப்பில்தான் குறை என்பது போல!

குறை யாரிடமும் இல்லை. தாய்ப்பாலின் ருசியும் வாசனையும் வேறு, பசும்பாலின் ருசியும் வாசனையும் வேறு. ஒன்றே கால் வயசு, ஒன்றரை வயசில் புதுசாக எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது பெரும்பாலான பிள்ளைகளின் இயல்பு. அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு நாம் பதிலுக்குப் பிடிவாதம் பிடித்தால், ஜெயிப்பது அநேகமாகக் குழந்தைதான். பொறுமையாகப் போனால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வழிக்கு வந்துவிடும்.

எப்போது ஆரம்பிக்கலாம்?

ஒரு வயசு முடிவதற்கு முன்னால் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்கக் கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு கஞ்சி, மசித்த சாதம், பருப்பு, காய், பழம். பசும்பாலில் உள்ள புரதமும் உப்புகளும் இளம் சிறுநீரகத்துக்கு அதிகச் சுமை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தக்கசிவும் ஏற்படலாம். போதாக்குறைக்கு, பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம்.

ஒரு வயசுக்குப் பிறகு தாராளமாகத் தொடங்கலாம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வயசு வரையிலும், அதற்கு மேலும்கூட தாய்ப்பால் தொடரலாம். பசும்பால் பழக வேண்டும் என்று தாய்ப்பாலைத் திடுக்கென்று நிறுத்தினால், பிள்ளை இரண்டையும் விட்டுவிட்டு ஏங்கிப்போகும்.

எவ்வளவு தேவை?

இங்கேதான் பல வீடுகளில் கணக்கு தப்பிப்போகிறது. 1 முதல் 3 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவையான சுண்ணாம்புச்சத்து சுமார் 500 மி.கி. பசும்பால் 100 மி.லி.யில் ஏறக்குறைய 120 மி.கி. இருக்கிறது. ஆக, 300 முதல் 400 மி.லி. பாலோ, அதற்கு ஈடான தயிரோ உள்ளே போனால் போதும். மீதியைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும். 500 மி.லி.யைத் தாண்டவே கூடாது.

“அதிகமாகக் குடித்தால் நல்லதுதானே?” என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு வயசு எட்டு மாதப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கன்னம் கொழுகொழு என்று இருந்தது, ஆனால் வெளுத்துப்போயிருந்தது. சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள், சாதத்தைத் தொடுவதில்லை என்றார்கள். விசாரித்தால், பாட்டிலில் நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டர் பால்! நாடி பார்ப்பதற்கு முன்பே உள் இமையைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 7 கிராம்தான். இந்த வயசில் 11 கிராமாவது இருக்க வேண்டும். பால் வயிற்றை நிரப்பியது, சோற்றுக்கு இடமில்லை. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து, சாப்பிடும் கொஞ்சநஞ்ச உணவிலிருந்தும் இரும்புச்சத்து சேரவிடாமல் தடுத்தது. குழந்தை மருத்துவர் இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்தார், பாலைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். சில மாதங்களில் அவள் தட்டைத் தானே இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆகவே, “பால் குடிக்கவில்லையே” என்று அழுவதற்கு முன்னால், “சாப்பாடு சாப்பிடுகிறதா?” என்று பாருங்கள். அதுதான் முதல் கேள்வி.

ஏன் மறுக்கிறது? காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

பிள்ளைக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது. நீங்கள்தான் துப்பறிய வேண்டும்.

ஆடை: பாதிப் பிள்ளைகள் பாலை வெறுப்பதில்லை, ஆடையைத்தான் வெறுக்கிறார்கள். நாக்கில் ஒரு முறை ஒட்டினால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு டம்ளர் பக்கம் வரமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் வடிகட்டிக் கொடுங்கள்.

வாடை: அடிப்பிடித்த பால், நாலைந்து முறை திரும்பத் திரும்பக் காய்ச்சிய பால், ஃப்ரிட்ஜில் வெங்காயத்தோடு மூடாமல் இருந்த பால் எல்லாம் நமக்கே பிடிக்காது. ஒரு தடவை நன்றாகப் பொங்கக் காய்ச்சி, மூடி வைத்து, தேவையானதை மட்டும் எடுத்து வெதுவெதுப்பாக்குங்கள்.

சூடு: சில பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பு பிடிக்கும். சிலருக்கு ஆறிய பால்தான் இறங்கும். இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்.

அடர்த்தி: எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், வாயில் கனமாக இருக்கும். பாக்கெட் பாலிலும் வித்தியாசம் உண்டு. ஃபுல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, டோன்டு பாலில் 3, டபுள் டோன்டில் 1.5. இரண்டு வயசுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொழுப்பு தேவை. எனவே டபுள் டோன்டு வேண்டாம். ஃபுல் கிரீம் பிடிக்காவிட்டால் 4.5 சதவீதப் பாலைக் கொடுத்துப் பாருங்கள்.

நேரம்: தூக்கக் கலக்கத்தில் எழுந்ததும் டம்ளரை நீட்டினால் எந்தப் பிள்ளையும் அழும். முகம் கழுவி, கொஞ்சம் விளையாடவிட்டுப் பிறகு கொடுங்கள். சாப்பாட்டுக்கு முந்தின ஒரு மணி நேரத்தில் பால் வேண்டவே வேண்டாம்.

கறந்த பாலைப் பச்சையாகக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கூடவே கூடாது. காசநோய், புரூசெல்லா போன்ற நோய்க் கிருமிகள் பச்சைப்பாலில் வரலாம். “செரிக்காது” என்று தண்ணீர் கலப்பதும் வேண்டாம். வயிறு நிறையும், சத்து சேராது.

படிப்படியாகப் பழக்கும் முறை

முதல் மூன்று நாள்: பிள்ளை ஏற்கனவே குடிக்கும் பால் (பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலோ, பழகிய மாவுப்பாலோ) மூன்று பங்கு, காய்ச்சி ஆற்றிய பசும்பால் ஒரு பங்கு.

அடுத்த மூன்று நாள்: இரண்டும் சரிபாதி.

அதற்கடுத்த மூன்று நாள்: பசும்பால் மூன்று பங்கு, பழைய பால் ஒரு பங்கு. பத்தாம் நாள் முழுப் பசும்பால்.

நடுவில் முரண்டு பிடித்தால் பரவாயில்லை, முந்தின படிக்கே திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். ஓட்டப்பந்தயம் ஒன்றும் இல்லையே!

நேரடியாகத் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை என்றால் வேறு வழி. கேழ்வரகுக் கஞ்சியில் இரண்டு டீஸ்பூன் பால், மசித்த வாழைப்பழத்தில் இரண்டு டீஸ்பூன் பால் என்று நாக்குக்கு வாசனையைப் பழக்குங்கள். ஒரு வாரம் கழித்துச் சின்ன டம்ளரில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் ஊற்றிக் கையில் கொடுங்கள். நிறைய ஊற்றினால் பிள்ளை மலைத்துப்போகும். குடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். மறுநாள் அதே நேரம், அதே டம்ளர். ஒரு புது ருசியை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். மூன்றாம் நாளே “இவனுக்குப் பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடாதீங்க.

நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடியுங்கள். அப்பா காபியும், அண்ணன் கலர் பானமும் குடிக்கும்போது, குட்டிப் பிள்ளைக்கு மட்டும் பால் என்றால் அது எப்படி நியாயம் ஆகும்?

செய்யவே கூடாதவை

மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, சங்கால் பாலை ஊற்றுவது இன்றும் நடக்கிறது. அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தப் பால் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும், மூச்சே அடைத்துப்போகலாம். உட்கார்ந்த நிலையில், குழந்தை தானாக விழுங்கும் வேகத்தில்தான் பால் போக வேண்டும்.

“குடிக்கலேன்னா டாக்டர்கிட்டே சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்” என்று மிரட்டாதீர்கள். எங்களை ஏன் பூச்சாண்டி ஆக்குகிறீர்கள்? “குடிச்சா சாக்லேட்” என்ற லஞ்சமும் வேண்டாம். பால் கசப்பு மருந்து, சாக்லேட் பரிசு என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

ஃபீடிங் பாட்டிலைப் புதுசாகத் தொடங்காதீர்கள். பாட்டில் பழகிய பிள்ளையை ஒன்றரை வயசுக்குள் டம்ளருக்கு மாற்றிவிடுங்கள். பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும்.

பாலில் என்ன சேர்க்கலாம்?

இரண்டு வயசு வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாமும் இனிப்புதான் என்பதை மறக்காதீர்கள். பாலிலேயே இயற்கை இனிப்பு இருக்கிறது. ருசிக்குத் தட்டிய ஏலக்காய் ஒன்றைப் போட்டுக் காய்ச்சி வடிகட்டலாம். நன்றாக மசித்த வாழைப்பழம் கலக்கலாம். தோல் நீக்கி நைசாக அரைத்த பாதாம் அரை டீஸ்பூன் சேர்க்கலாம், முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், கொடுக்காதீர்கள்.

சித்த மருத்துவத்தில் பசும்பாலை இனிப்புச் சுவையும் குளிர்ச்சித் தன்மையும் உள்ளதாகச் சொல்கிறோம். அதனால்தான் நம் வீடுகளில் சிட்டிகை மஞ்சளோ, சுக்கோ சேர்த்துக் காய்ச்சும் வழக்கம் வந்தது. சிட்டிகை என்றால் சிட்டிகைதான். அள்ளிப் போட்டால் காரத்தில் பிள்ளை பாலையே வெறுக்கும். வசம்பு பேச்சுக்கே இடமில்லை. மருத்துவர் சொல்லாமல் அதை உரசிப் பாலில் கலக்க வேண்டாம்.

“பால் கொடுத்தால் சளி பிடிக்குமே?” சளி வருவது கிருமியால், பாலால் அல்ல. சளி இருக்கும் நாட்களில் பிள்ளை கேட்டால் வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

“கொஞ்சம் டிகாஷன் விட்டால் குடிக்கிறான்” என்பார்கள். வேண்டாம். காபியும் டீயும் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். மால்ட் பவுடர்களில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை கணிசமாக இருக்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய வணிகத் துறை அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் வைக்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கே அறிவுறுத்தியது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

குடிக்கவே மாட்டேன் என்றால்?

குடி முழுகிப்போகாது! பாலின் சத்து பாலில் மட்டும்தான் என்று எங்கும் எழுதவில்லை. புளிக்காத தயிர்ச்சாதம், பன்னீர், பாலில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், பால் சேர்த்துப் பிசைந்த இடியாப்பம் இவையெல்லாம் பால்தானே? 30 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 100 மி.கி. சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. முளைகட்டி அரைத்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். பொடித்த எள், முருங்கைக்கீரை, அசைவம் உண்போர் வீட்டில் முள்ளோடு மசித்த நெத்திலி இவையும் கைகொடுக்கும். வெயிலில் விளையாட விடுங்கள். அந்தச் சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும்.

மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

சில பிள்ளைகள் பாலை மறுப்பதற்கு உடம்பே காரணமாக இருக்கும். பால் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சுத் திணறினால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மலத்தில் ரத்தமோ சீதமோ தெரிந்தாலும் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டுப்பால் மாற்று ஆகாது. அதிலுள்ள புரதமும் ஏறக்குறைய அதே ஜாதிதான்.

வயிற்றுப்போக்கு வந்து ஓய்ந்த பிறகு சில நாட்களுக்குப் பால் செரிக்காமல் மந்தம், வயிறு உப்புசம், புளித்த வாடையோடு தண்ணீராகப் போவது உண்டு. இது தற்காலிகம். அப்போது பாலுக்குப் பதில் தயிர் நன்றாக ஒத்துக்கொள்ளும்.

எடை ஏறவில்லை, வெளுத்திருக்கிறது, மண் தின்கிறது என்றாலும் தாமதிக்காதீர்கள்.

மற்றபடி, ஓடியாடி விளையாடுகிற, எடை ஏறுகிற, தட்டில் வைத்ததைக் கொஞ்சமாவது கொறிக்கிற பிள்ளை பால் குடிக்காவிட்டாலும் ஆரோக்கியமான பிள்ளைதான். மாமியாரும் மருமகளும் டம்ளரை நடுவில் வைத்துச் சண்டை போட வேண்டாம். நாளைக் காலை இரண்டு விரற்கடைப் பால் மட்டும் ஊற்றுங்கள், ஆடையை வடிகட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மீதியைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.