ஜப்பானிய அனிமேயிற் பள்ளிமாணவியர் நகை

கதையென்றால் ஏதேனும் நிகழ்தல் வேண்டுமென்பது உலகவழக்கு. அரசன் நாடிழத்தல் வேண்டும். அன்றேல் காதலர் பிரிதல் வேண்டும். அதுவும் இன்றேல் களவோ கொலையோ நடந்து துப்பறிவோன் ஒருவன் தோன்றுதல் வேண்டும். இவற்றுள் ஒன்றுமின்றி, நான்கைந்து மாணவியர் பள்ளிக்கு வருவதும், உணவுப் பெட்டியைத் திறப்பதும், பொருளற்ற வழக்கொன்றைத் தொடங்கி அதனை முடிக்காமலே வீடு திரும்புவதுமாக வாரந்தோறும் தொடரும் கதைகள் ஜப்பான் தேயத்தில் உள்ளன. அனிமே எனும் இயங்குசித்திரங்களுள் இவை தனியொரு வகுப்பாகவே எண்ணப்படுகின்றன. அந்நாட்டார் இவ்வகுப்பை 'நிச்சிஜோ-கேய்' என்பர். அன்றாட வகையென்பது அதன் பொருள். நம் மாணவருட் சிலர் இவற்றை விடுதியறையிற் கைப்பேசியிற் பார்த்து நகைப்பதனை யாம் அறிவோம். அதனைக் காலக்கழிவென்று கடிவாரையும் அறிவோம். இரு திறத்தாரையும் முன்வைத்து இவற்றின் இயல்பைச் சிறிது ஆராய்தல் ஈண்டு எமது கருத்து.

இக்கதைகளிற் பல முதலில் அனிமேயாகப் பிறந்தவையல்ல. பத்திரிகைகளில் மேலிருந்து கீழாக நான்கு கட்டங்களில் வரையப்படும் 'யொன்கொமா' என்னும் சித்திரமே இவற்றின் தாய். ஹஸெகாவா மச்சிகோ என்னும் அம்மையார் 1946-இல் ஃபுகுவோகா நகரத்துச் செய்தித்தாளொன்றில் 'ஸஸாயே-ஸன்' என்னும் குடும்பப்பெண்ணின் அன்றாடச் செய்திகளை இவ்வடிவில் வரையத் தொடங்கினார். அது 1969-இல் அனிமேயாகி இன்றளவும் ஞாயிறுதோறும் நடந்துவருகின்றது. நான்கு கட்டங்களும் சீனச் செய்யுள் மரபினின்று வந்த முறையிலே எடுப்பு, தொடுப்பு, திருப்பம், முடிப்பு என நிற்கும். நான்கடிக்குள் ஒரு பொருளை முற்றுவித்தல் வெண்பாப் பயின்றார்க்குப் புதிதன்று. மதிலின்மேல் ஒரு பூனை இருக்கின்றது; நெடிய உருவும் குறைந்த பேச்சும் உடைய மாணவி அதனைத் தடவக் கை நீட்டுகின்றாள்; பூனை வாயைத் திறக்கின்றது; கையைக் கவ்விக்கொள்கின்றது. அவ்வளவே. மறுநாளும் அவள் கை நீட்டுவாள். பூனையும் தன் கடமையிற் பிறழாது.

அம்மாணவியின் பெயர் ஸகாகி. அவள் தோன்றும் 'அசுமங்கா டையோ' என்னும் கதையை அஸுமா கியோஹிகோ என்பார் 1999 முதல் 2002 வரை திங்களிதழொன்றில் வரைந்தார். 2002-இல் அது 26 பகுதிகளாக அனிமேயாயிற்று. இவ்வகுப்பிற்குப் பின்வந்தவை பலவும் இதனடியைப் பின்பற்றியே சென்றன. ஆதலின் இதனைச் சிறிது விரித்து நோக்குவாம்.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கனைக் கூறினார். பிறரை இகழ்ந்து நகுதல் எள்ளல். ஏனையவற்றுள் பேதைமையாவது அறியாமை. மடனாவது பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தலென்று உரையாசிரியர் வேறுபடுத்துவர். நம் மேடைகளிலும் திரைப்படங்களிலும் பெருவழக்காயிருப்பது எள்ளலே. தடித்தவனையும் கரியவனையும் திக்குவாயனையும் கண்டு நகும் நகை அது. அசுமங்கா டையோவின் ஆசிரியரோ ஏனை மூன்றனையுமே பெரிதும் கைக்கொண்டனர். பத்து வயதிற் பேரறிவு படைத்து மேல்நிலைப் பள்ளியிற் சேர்க்கப்பட்ட சியோ, தன்னினும் ஐந்தாறு வயது மூத்தாரிடையே அவர்க்குச் சமமாக நடக்க முயல்வது இளமை பற்றிய நகை. ஓஸாகா நகரினின்று வந்தாளொருத்திக்கு ஊர்ப்பெயரே பெயராகிவிடுகின்றது. அவ்வூரார் துடுக்கும் நகைத்திறமும் வாய்ந்தவரென்பது ஜப்பானியர் கொண்ட எண்ணம்; இவளோ எந்நேரமும் கனவிலிருப்பாள் போன்று மெல்லப் பேசி, ஒருவரும் எண்ணாத வினாவொன்றை எழுப்பி, அதன் விடையைத் தேடிக்கொண்டே பாடத்தைத் தவறவிடுவாள். இவளைப் பேதையென்று உடன்பயில்வோர் ஒதுக்கினாரல்லர். அவளுடைய வினாவைத் தாமும் எடுத்துக்கொண்டு ஆராயத் தொடங்குகின்றனர். நகை அங்கே பிறக்கின்றது. ஸகாகியும் அவ்வாறே. பார்ப்பார் அவளை அஞ்சத்தக்க வீராங்கனையென்று கொள்வர். அவளுள்ளத்திலோ பூனைக்குட்டியையன்றி வேறொன்றும் இல்லை. தாய்க்குப் பூனை ஒவ்வாமையால் வீட்டிலும் வளர்த்தற்கு இயலாது.

எள்ளல் அடியோடு இல்லையென்று கூறோம். யுகாரி என்னும் ஆங்கில ஆசிரியை தம் மாணவியரினும் சிறுபிள்ளையாக நடந்துகொள்கின்றார். ஆசிரியரை நகுதற்கு உரிமை எந்நாட்டு மாணவர்க்கும் உண்டுபோலும்!

2007-இல் வந்த 'லக்கி ஸ்டார்' இந்நெறியில் இன்னும் ஒரு படி மேற்சென்றது. அதன் முதற்பகுதியில் மாணவியர் சங்குபோற் சுருண்டு உள்ளே சாக்கலேட்டு நிரம்பிய ரொட்டியொன்றைப்பற்றி வழக்கிடுகின்றனர்: அதற்குத் தலை எது, வால் எது? பருத்த பக்கமா, கூரிய பக்கமா? எப்பக்கத்திலிருந்து உண்ணத் தொடங்குவது? இதனைக் கேட்டுப் பொறுமையிழந்தோர் பலர். எமக்கோ, இடைவேளையில் நாம் அனைவரும் எத்துணைப் பெரும்பொழுதை இத்தகைய வழக்குகளிற் செலவிட்டோமென்பது நினைவிற்கு வந்தது. அப்பேச்சின் பொருள் மறந்துபோம். பேசியவர் முகம் மறவாது. இக்கதைகள் பேச்சின் பொருளைச் சிறியதாக்கி அம்முகங்களையே காட்டுகின்றன.

குறைகளையும் மறைத்தல் தகாது. இக்கதைகள் முதலில் வெளிவந்த இதழ்களைப் படிப்போருட் பெரும்பாலார் ஆடவர். ஆகவே இம்மாணவியர் ஆடவர் கண்டு மகிழ்தற்கேற்றவாறு புனையப்பட்ட பாவைகளென்று கூறும் வழக்கு உண்டு. அஃது ஓரளவு மெய்யே; சிற்சில இடங்களிற் கண் கூசுமாறு வரைந்தாருமுளர். வீட்டில் தந்தை தாயர் காணப்படுதல் அரிது. வறுமை இல்லை, தேர்வில் தோற்று வாழ்விழந்தார் இல்லை, பள்ளிகளில் மெலியாரை வலியார் துன்புறுத்தும் கொடுமை ஜப்பானில் மிகுதியாகப் பேசப்படுவதாயினும் அதன் நிழலும் இக்கதைகளில் விழுவதில்லை. இவ்வளவையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்னையெனின், காலம் என்போம். சித்திரை தொடங்குமுன் சாகுரா மலர்கள் உதிரப் பள்ளி திறக்கும். பின் கோடைவிடுமுறை, விளையாட்டு விழா, கலைவிழா, புத்தாண்டுக் கோயில் வழிபாடு. மார்ச்சுத் திங்களிற் பிரிவு. துன்பம் யாவும் நீக்கப்பட்ட அவ்வுலகத்தில் நாட்காட்டி ஒன்றை மட்டும் ஆசிரியர் நீக்கினாரல்லர்.

2013-இல் வெளிவந்த 'நொன் நொன் பியோரி' என்பதில் இது நன்கு புலனாம். சிற்றூரொன்றின் பள்ளியில் மாணவர் ஐவரே. அவருள் ஒருவன் வாய் திறவாத சிறுவன். ஐவரும் ஒரே அறையிலமர்ந்து தத்தம் வகுப்பிற்குரிய பாடம் பயில்வர். இளையவள் ரெங்கே முதல் வகுப்பினள். அவளொத்த வயதினர் பள்ளியில் ஒருவருமிலர். கோடைவிடுமுறையிற் பாட்டி வீட்டிற்கு வந்த ஹொனோகா என்னும் சிறுமியோடு அவள் நட்புக்கொள்கின்றாள். இருவரும் வயல்வரப்பிலும் ஓடைக்கரையிலும் சில நாள் திரிகின்றனர். ஒருநாட் காலை ரெங்கே சென்று கதவைத் தட்ட, தந்தையின் தொழில்நிமித்தம் அச்சிறுமி சொல்லாமலே ஊருக்குச் சென்றுவிட்டாளென்று பாட்டி கூறுகின்றாள். அப்பொழுது ரெங்கேயின் முகம் திரைமுழுதும் நிற்கின்றது. அழுகுரல் இல்லை. முகமும் அசைவதில்லை. நெடும்பொழுது கழித்துக் கண்ணில் நீர் மெல்லத் திரண்டு நிறைகின்றது. பின்னர் ஒரு கடிதம் வருகின்றது. கதை மீண்டும் நகைக்குத் திரும்புகின்றது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பிரிவென்பது இன்னதென்று இதனினும் செவ்விதாக உணர்த்திய இயங்குசித்திரத்தை யாம் கண்டிலேம்.

இனி, காலக்கழிவென்னும் குற்றச்சாட்டிற்கு வருவாம். அதனை நேரே எடுத்துக்கொண்ட கதை 'கேயோன்' என்பது. 2009-இலும் 2010-இலும் இரு தொடர்களாக வந்தது; இயக்கியவர் யமாதா நவோகோ, திரைக்கதை அமைத்தவர் யொஷிதா ரேய்கோ. இருவரும் பெண்டிராதலின், மேற்கூறிய பாவைக் குற்றம் இதன்கண் பெரிதும் குறைந்தது என்பது எமது துணிபு. பள்ளியின் மெல்லிசைக் கழகத்தில் நால்வர் சேர்கின்றனர். அவருள் யூயி என்பாள் மெல்லிசையென்றால் எளிய இசையென்று கருதிச் சேர்ந்தவள். கித்தார் பிடிக்கவும் அறியாள். பயிற்சிக்குரிய மாலைப்பொழுது தேநீரிலும் பணியாரத்திலும் கழிகின்றது. மறு ஆண்டு அஸுஸா என்னும் இளையாள் அவர்கள் இசைத்ததைக் கேட்டு உள்ளங்கவரப்பட்டுக் கழகத்தில் வந்து சேர்கின்றாள். வந்தவள் காண்பது தேநீர்க் கோப்பைகளை. அவள் சினக்கின்றாள், விட்டுப் போகவும் எண்ணுகின்றாள். பார்ப்போருள் உழைப்பாளர் அனைவரும் அவள் பக்கமே நிற்பர். ஆயினும் மீண்டும் அவர்கள் இசைக்கக் கேட்டபோது, வேறெங்கும் காணாத ஒன்று இங்கே உண்டென்று அவள் தங்கிவிடுகின்றாள். அஃது இன்னதென்று கதை சொல்லவில்லை.

மூத்தோர் நால்வரும் இறுதியாண்டிற் கலைவிழாவில் இசைத்து முடிந்தபின், அறைச் சுவரிற் சாய்ந்து அமர்ந்து இனிச் செய்யவேண்டுவனவற்றை அடுக்குகின்றனர். கிறித்துமசு, புத்தாண்டு, புதிய மாணவியரை வரவேற்றல், அடுத்த கலைவிழா. அடுத்த கலைவிழா என்ற அளவில் அஃது இல்லையென்பது நினைவிற்கு வருகின்றது, நகையாடிக்கொண்டிருந்தோர் அழுகின்றனர். கல்லூரியில் இறுதியாண்டு கழித்தார் எவர்க்கும் இவ்விடத்திற்கு உரை வேண்டா.

கேயோனையும் லக்கி ஸ்டாரையும் இயற்றியது கியோட்டோ அனிமேஷன் என்னும் நிறுவனம். 2019 ஜூலை 18-இல் ஒருவன் அதன் பணிமனைக்குத் தீயிட்டான். 36 பேர் உயிரிழந்தனர். லக்கி ஸ்டாரை இயக்கிய இருவருள் ஒருவராகிய தகேமோதோ யசுஹிரோ அவருள் ஒருவர். சாக்கலேட்டு ரொட்டிக்குத் தலை எதுவென்னும் வழக்கை இன்று மீண்டும் பார்ப்பார்க்கு அது முன்போலச் சிறிய வழக்காகத் தோன்றுவதில்லை.

கேயோனில் வரும் பள்ளிக்கூடம் ஷிகா மாவட்டத்துத் தொயோஸாட்டோ என்னும் ஊரின் பழைய தொடக்கப்பள்ளியைப் பார்த்து வரையப்பட்டது. மிஷன் கல்லூரியாராகிய நமக்கு இதில் ஒரு தனி உவகையுண்டு. 1937-இல் எழுந்த அக்கட்டடத்தை வகுத்தவர் வில்லியம் மெரல் வோரிஸ் என்பார். 1905-இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குச் சென்று, அங்கேயே ஊழியஞ்செய்து, கட்டடக்கலையிலும் பெயர்பெற்று, அந்நாட்டுக் குடியாகவே மாறி 1964-இல் மறைந்தவர். அவர் அமைத்த மாடிப்படியின் கைப்பிடியில் முயலும் ஆமையும் ஓட்டப்பந்தயம் ஓடும் கதை வெண்கல உருவங்களாக நிற்கின்றது. கீழே இரண்டும் புறப்படுகின்றன. இடையில் முயல் உறங்குகின்றது. மேலே ஆமை சென்றடைகின்றது. தேநீர் அருந்தும் நம் மாணவியர் நாள்தோறும் அவ்வாமையின் முதுகைத் தடவிக்கொண்டே மாடிக்கு ஏறுவதாகச் சித்திரக்காரர் வரைந்தது வேண்டுமென்றே செய்த குறும்போ, அறியோம்.

2002-இல் அக்கட்டடத்தை இடிக்க ஊராட்சித் தலைவர் முற்பட, ஊரார் தடுத்துநின்று வழக்காடிக் காத்தனர். இன்று அது பொது மனையாக நிற்கின்றது. கதையில் இசைக்கழகம் கூடிய அறையில் மேசைகளை அவ்வாறே கூட்டிப் போட்டு, அவற்றின்மேல் தேநீர்க் கோப்பைகளை வைத்திருக்கின்றனர். சேய்மையினின்று வருவோர் சிறிது நேரம் அமர்ந்து செல்வர். ஊர்ப் பிள்ளைகள் பக்கத்திற் கட்டிய புதிய பள்ளியிற் பயில்கின்றனர்.