எல்லா மொழிகளுக்கும் தாய் ஒன்றா?

தமிழ்நாட்டுக்கு வெளியே படிக்கும் உங்களுக்கு இரண்டு கூற்றுகள் பழக்கமானவை. "இந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை" என்று வகுப்பு நண்பர் ஒருவர் சொல்வார். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பேசும் பெரியவரோ, "உலக மொழிகள் அனைத்திற்கும் தாய் தமிழே" என்பார். முதற்கூற்றைக் கேட்டுச் சினம் கொள்கிறோம். இரண்டாவதைக் கேட்டுக் கைதட்டுகிறோம். ஆயினும், இருவரிடமும் கேட்கத்தக்க வினா ஒன்றே: "அஃது எவ்வாறு தெரியும்?"

முதல் மொழி எது என்னும் ஆவல் மிகப் பழையது. எகிப்து மன்னன் சாமெட்டிக்கஸ் இரண்டு குழந்தைகளைப் பேச்சொலி கேளாத குடிலில் ஓர் இடையனிடம் வளர்க்கச் செய்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். ஈராண்டு கழிந்தபின் குழந்தைகள் 'பெகோஸ்' என்றனவாம். பிரிஜிய மொழியில் அதற்கு ரொட்டி என்று பொருள். எனவே பிரிஜியமே முதல் மொழி என மன்னன் முடிவு செய்தான். குடிலுக்கு நாள்தோறும் ஆடுகள் வந்து போயின என்பதை அவன் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

நம் நாட்டிலும் இத்தகைய சோதனை நிகழ்ந்தது. பேச்சு என்பது காதால் கேட்டுக் கற்பதே என்று கருதிய பேரரசர் அக்பர், பச்சிளங்குழந்தைகளை ஒரு மாளிகையில் வைத்து, அவர்கள்முன் எவரும் பேசலாகாது என ஆணையிட்டார். மக்கள் அதனைக் 'குங் மகால்', அதாவது ஊமை மாளிகை, என்றழைத்தனர். 1582இல் அவர் அங்குச் சென்றபோது குழந்தைகளிடமிருந்து எந்தச் சொல்லும் எழவில்லை என்று அபுல் பசல் குறித்துள்ளார். சமஸ்கிருதமும் பிறக்கவில்லை, பாரசீகமும் பிறக்கவில்லை. இன்று எந்த நாடும் இத்தகைய சோதனையை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

குழந்தைகளிடமிருந்து விடை கிடைக்காதெனில், சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். நல்ல வழிதான். ஆனால் அவ்வழியில் குழிகள் பல உள்ளன.

நாம் 'சாவி' என்கிறோம்; இந்தியில் 'சாபி' என்பர். இரண்டும் உறவு என்று முடிவு செய்துவிடலாமா? போர்ச்சுகீசியர் கடல்வழி வந்தபோது உடன் வந்த சொல் அது. நம் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் ஒரே வணிகர் விற்ற பொருள் என்பதால் இரு வீட்டாரும் உடன்பிறந்தோர் ஆகிவிடார். 'அலமாரி'யும் அவ்வாறு வந்ததே.

'அம்மா' என்னும் சொல்லைப் பலரும் பெரிய சான்றாகக் காட்டுவர். சீனத்திலும் சுவாகிலியிலும் தாயை 'மாமா' என்றே அழைப்பர். ஆனால் குழந்தையின் வாய் எளிதில் ஒலிப்பவை 'ம', 'ப' போன்ற இதழொலிகளே; அவ்வொலியைப் பெற்றோர் தம்மை அழைப்பதாகக் கொள்கின்றனர். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை; தாய்க்குப் பெயர் 'தேதா'. நமக்கோ மாமா என்பவர் அம்மாவின் உடன்பிறந்தவர்!

மூன்றாவது குழி தற்செயல். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபராமில் நாயைக் குறிக்கும் சொல் ஏறத்தாழ ஆங்கில 'டாக்' போன்றே ஒலிக்கும். இஃது ஆங்கிலத்திலிருந்து சென்றதன்று. அண்டை மொழியான யிடினில் நாய்க்குப் பெயர் 'குடகா'. அத்தகைய பழஞ்சொல்லின் முதலும் ஈறும் தேய்ந்து அவ்வடிவம் உண்டாயிற்று. பல்லாயிரம் சொற்கள் கொண்ட இரு மொழிகளை அருகருகே வைத்தால், சில சொற்கள் உறவின்றியே ஒத்திருக்கும்.

அவ்வாறாயின் மொழியுறவை எப்படித் தெளிவது? ஒற்றுமையை அன்று, ஒழுங்கான வேற்றுமையைத் தேட வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு, புலி, ஹுலி, பூ, ஹூ. தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் மீண்டும் மீண்டும் ஹகரமாக நிற்கிறது. ஒரு சொல்லில் நேர்ந்தால் தற்செயல் எனலாம்; அன்றாடச் சொற்கள் பலவற்றில் நேர்ந்தால் அது விதி. பழங்கன்னடத்தில் 'பால்', 'புலி' என்றே வழங்கின என்பதும் இதனை உறுதி செய்கிறது. ஐரோப்பாவிலும் இதற்கு நிகரான மாற்றம் உண்டு: சமஸ்கிருதத்தில் 'பாத', ஆங்கிலத்தில் 'ஃபுட்'. இவ்வகை விதிகளை 1822இல் தொகுத்துக் காட்டியவர் யாக்கோபு கிரிம். நீங்கள் படித்த கிரிம் தேவதைக் கதைகளைத் தொகுத்த உடன்பிறந்தார் இருவருள் மூத்தவர் அவரே.

சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும், அம்மூலம் இப்போது வழக்கில் இல்லாமற் போயிருக்கலாம் என்று 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் உரைத்தார். ஆக, சமஸ்கிருதமும் ஒரு மகளே. தென்மொழிகள் வேறொரு குடும்பம் என்பதை 1816இல் சென்னையில் எல்லிசு எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலால் அதனை நிலைநாட்டினார். உங்கள் வகுப்பு நண்பருக்கு இதுவே விடை.

இனி, விழா மேடைப் பெரியவருக்கு வருவோம். நாம் 'செவி' என்கிறோம். தெலுங்கிலும் மலையாளத்திலும் அதுவே. கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி, குடகில் கெவி, கோண்டியில் கெவி. ஜார்க்கண்டில் வழங்கும் குருக்கிலும் பலுசிஸ்தானத்தில் வழங்கும் பிராகூயிலும் காதைக் குறிக்கும் சொற்கள் ககரத்தின் இனமான, தொண்டையிலிருந்து எழும் உரசொலியில் தொடங்குகின்றன. ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள இம்மொழிகள் கூடிப் பேசிச் சகரத்தைக் ககரமாக மாற்றியிருக்க இயலாது. பழைய ஒலி ககரமே. 'எ', 'இ' போன்ற உயிர்கள் பின்வந்த இடங்களில் தமிழ் அதனைச் சகரமாக மாற்றிக்கொண்டது. பகரத்தில் தமிழ் பழமையைக் காத்தது. இங்கே கன்னடம் காத்தது. எனவே தமிழ் இக்குடும்பத்தின் தாய் அன்று. தாயின் முகச்சாயலைப் பெரிதும் காத்து நிற்கும் மகள். அத்தாயை அறிஞர் 'மூலத் திராவிடம்' என்பர். அம்மொழிக்கு ஒரு கல்வெட்டும் இல்லை. மகள்களின் சொற்களைக் கொண்டே அதனை மீட்டெடுக்கின்றனர். அப்பணியில் 2,000 ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்றுடைய தமிழின் சாட்சியம் இன்றி ஓர் அடியும் நகர இயலாது. என்னைக் கேட்டால், மேடையில் கைதட்ட வேண்டிய இடம் இதுவே.

தமிழே உலக முதன்மொழி என்று தேவநேயப் பாவாணர் வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். அவருடைய சொல்லாராய்ச்சியில் நாம் கற்பதற்கு மிகுதியாக உண்டு. ஆயினும் அவருடைய முதன்மொழிக் கொள்கையை உலக மொழியியலார் ஏற்கவில்லை. ஒற்றுமைகளைக் கடந்து, விதி என்னும் சோதனையில் அது தேறவில்லை என்பதே காரணம்.

சரி, குடும்பங்களையெல்லாம் இணைத்து இன்னும் பின்னோக்கிச் சென்றால் ஒரே மூலத்தை அடையலாமே? சிலர் முயன்றனர். பெங்ட்சன், ரூலன் என்னும் இருவர் 1994இல் உலக மொழிகள் பலவற்றிலிருந்து சொற்களைத் திரட்டி, 'விரல், ஒன்று' என்னும் பொருளில் 'டிக்' என்னும் ஆதிச்சொல் இருந்ததென்றனர். ஆனால் விரலுக்குக் கையையும் ஏற்று, ஒலியிலும் தாராளம் காட்டினால், எந்தச் சொல்லுக்கும் உலகெங்கும் உறவினர் கிடைப்பர் என்று பிறர் மறுத்தனர்.

இடர்ப்பாடு காலத்தில் உள்ளது. ஓலைச்சுவடியைப் பார்த்து ஒருவர் படியெடுக்க, அப்படியைப் பார்த்து மற்றொருவர் எடுக்க, ஒவ்வொரு முறையும் சில எழுத்துகள் மாறும். மொழியும் அவ்வாறே. 8,000 முதல் 10,000 ஆண்டுகள் கடந்தால், மரபாக வந்த ஒற்றுமை எது, தற்செயல் எது என்று பிரித்தறிய இயலாத அளவுக்குச் சொற்கள் தேய்ந்துவிடும் என்பது பெரும்பாலோர் மதிப்பீடு. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள். எழுத்தின் வயது 5,000 ஆண்டுகளைச் சற்றே தாண்டும். உலகில் இன்று ஏறத்தாழ 7,000 மொழிகள் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களாக உள்ளன. மத்திய இந்தியாவின் நிகாலி போல, எக்குடும்பத்திலும் சேராத தனிமொழிகளும் உண்டு. பேச்சுமொழிகள் ஒரே ஊற்றிலிருந்து தோன்றியிருக்கலாம். பல ஊற்றுகளிலிருந்தும் தோன்றியிருக்கலாம். 1866இல் பாரிஸ் மொழியியற் கழகம், மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளையே ஏற்பதில்லை என்று விதித்தது. அது சற்று மிகையான கண்டிப்பு என்பது என் கருத்து.

ஏனெனில் தாயில்லாமல் ஒரு மொழி பிறந்ததை நம் காலத்தவரே கண்டனர். மத்திய அமெரிக்காவின் நிகராகுவா நாட்டில், காது கேளாத குழந்தைகள் நெடுங்காலம் வீடுகளில் தனித்தனியே வளர்ந்தனர். 1970களின் இறுதியில் தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கெனப் பள்ளி அமைந்தது. ஆசிரியர்கள் உதட்டசைவைக் கொண்டு ஸ்பானிய மொழி கற்பிக்க முயன்றனர். பெரும் பயன் விளையவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் குழந்தைகள் தத்தம் வீட்டுச் சைகைகளைப் பகிர்ந்தனர். பின்னர் வந்த சிறுவர்கள் அவற்றை மேலும் செப்பம் செய்து, வினைக்கும் இடத்துக்கும் ஒழுங்கான இலக்கணம் அமைத்தனர். அதுவே இன்றைய நிகராகுவா சைகை மொழி. அக்பரின் மாளிகையில் அமைதியும் காவலும் இருந்தன. இங்கே ஒருவரோடு ஒருவர் சொல்ல வேண்டியவை இருந்தன.

பயிற்சி

1. 'சாவி', 'அம்மா' ஆகியவற்றை மொழியுறவுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. ஏன்?

2. பெங்களூர் ஊர்ப்பெயர்களில் வரும் 'ஹள்ளி' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல்லைப் பாடத்தில் கண்ட விதியைக்கொண்டு கண்டறிக. அச்சொல் அமைந்த தமிழக ஊர்கள் மூன்றனைக் குறிப்பிடுக.

3. 'ஹாவு', 'ஹல்லு', 'ஹத்து' என்னும் கன்னடச் சொற்களுக்கு இணையான தமிழ்ச் சொற்களை எழுதுக.

4. "தமிழ் தாய் அன்று, மகள்" என்று ஆசிரியர் கூறுவதை நீங்கள் ஏற்கிறீர்களா? பாடத்திலிருந்து ஒரு சான்றேனும் காட்டி எழுதுக.

5. செயல்பாடு: கண், பல், நீ, இரண்டு, மூன்று ஆகியவற்றை உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ வேறு மொழி பேசும் நால்வரிடம் கேட்டு, அவர்கள் ஒலிப்பதை அவ்வாறே தமிழ் எழுத்தில் பதிவு செய்க. கோண்டி, குருக் பேசுவோர் இருப்பின் அவர்களிடம் முதலில் கேளுங்கள்.