சீம்பாலும் இளங்கன்றும்

தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில் நெல்லும் மாடும் பிரியாதவை. வயலின் வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். மாட்டின் சாணம் வயலுக்கு உரம். கிடேரி தலையீற்றில் கன்று ஈனும் நாள் உழவர் வீட்டுக்குத் திருநாள்.

முதன்முறை ஈன்ற பசு கன்றைக் கண்டு மிரளலாம், உதைக்கவும் கூடும். கன்றை அதன் முகத்தருகே கிடத்தினால் நக்கத் தொடங்கும். அதனால் கன்றின் உடல் உலர்ந்து, குருதியோட்டம் சீராகும். தொப்புள்கொடியில் அயோடின் தடவுதல் வேண்டும்.

நஞ்சுக்கொடி விழுந்த பின்னரே சீம்பால் ஊட்டவேண்டும் என்னும் நம்பிக்கை சிற்றூர்களில் உண்டு. அது கன்றுக்குக் கேடாகும். தாயின் கருப்பையில் கன்றுக்கு நோய் எதிர்ப்பொருள் கிடைப்பதில்லை. சீம்பாலே அதனை வழங்குகிறது. அதனை ஏற்கும் குடலின் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ அற்றுவிடும். எனவே, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்டத் தொடங்கவேண்டும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் 3 லிட்டரேனும் தேவை.

கன்று மடியை முட்டிக் குடிக்கையில் தாயுடலில் சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கி, நஞ்சுக்கொடி விழவும் துணைசெய்கிறது. 12 மணி நேரம் கடந்தும் விழாவிடில், கையால் இழுக்காமல் கால்நடை மருத்துவரை நாடவேண்டும். நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவது ஊர் வழக்கம். அதுவரை கன்று பசித்திருத்தல் ஆகாது.